கடைசி ரயிலுக்குப் பிறகு

ஒசாகாவின் உமேதா நிலையத்தில் நள்ளிரவு நெருங்கும்போது ஓர் ஓட்டம் நடக்கும். கோட்டும் டையுமாக ஆண்கள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு படிகளில் தடதடவென்று ஓடுவார்கள். கடைசி ரயில் போய்விட்டால் அடுத்தது விடிகாலை ஐந்து மணி வாக்கில்தான். தண்டவாளப் பராமரிப்பை அந்த இடைவெளியில்தான் செய்கிறார்கள் என்பதால் ஜப்பானிய நகரங்களில் ரயில் விடிய விடிய ஓடுவதில்லை. வீடோ தொலைவில், ஏதாவதொரு புறநகரில். மேலதிகாரி குடிக்கக் கூப்பிட்டால் மறுக்க முடியாது, அவர் எழுந்திருக்கும் முன் நாம் எழுந்திருக்கவும் முடியாது. டாக்ஸிக்கு ஆகிற காசில் ஓட்டலில் அறையே எடுத்துவிடலாம். ஆள் ஒருவர் படுக்கும் அளவுப் பெட்டிகளை அடுக்கி வைத்த கேப்சூல் ஓட்டலின் வரலாற்றை இந்த ஓட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

நான் கட்டடக்கலை படித்தவள், இப்போது அதையே கற்பிக்கிறவள். எங்கள் பாடப்புத்தகங்கள் வேறோர் இடத்தில் தொடங்கும். 1960இல் டோக்கியோவில் நடந்த உலக வடிவமைப்பு மாநாடு, அதையொட்டி ‘மெட்டபாலிசம்’ என்ற பெயரில் ஒன்றுசேர்ந்த இளம் கட்டடக் கலைஞர்கள், அவர்களில் இளையவரான கிஷோ குரோகாவா. 1934இல் பிறந்தவர், கென்சோ டாங்கேயிடம் பயின்றவர். உடலில் செல்கள் தேய்ந்து புதுச் செல்கள் வருவதுபோல நகரத்தின் உறுப்புகளையும் கழற்றி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அந்தக் குழுவின் கொள்கை. 1969இல் குரோகாவா கேப்சூலைப் பற்றி ஒரு பிரகடனமே வெளியிட்டார். நிலத்தையும் வீட்டையும் சொத்தாகப் பிடித்துக்கொண்டிருக்கும் மனிதனின் காலம் முடிகிறது, ஓரிடத்தில் நில்லாமல் போய்க்கொண்டே இருப்பவனின் காலம் வருகிறது, அவனுக்குக் கேப்சூலே வீடு என்பது அதன் சாரம். இருபது வயதில் இதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. இன்றும் அதை மதிக்கிறேன். ஆனால் கதையில் பாதிதான் இது.

1970 மார்ச் முதல் செப்டம்பர் வரை ஒசாகாவை ஒட்டிய சுய்தாவின் குன்றுகளில் உலகக் கண்காட்சி நடந்தது. வந்து பார்த்தவர்கள் ஏறத்தாழ 6 கோடியே 40 லட்சம் பேர். டாங்கே அமைத்த பிரம்மாண்டமான கூரையின் இரும்புச் சட்டங்களுக்கு நடுவில் குரோகாவாவின் கேப்சூல் வீடு ஒன்று தொங்கியது. அண்ணாந்து பார்த்த கூட்டத்தில் இரண்டு முதலாளிகள் இருந்தார்கள். ஒருவர் டோக்கியோவில் அடுக்குமாடி கட்டி விற்கும் நகாகின் நிறுவனத்தின் தலைவர் தோரிசோ வதனாபே. இன்னொருவர் உமேதாவில் சவுனா குளியல் நிலையம் நடத்திய யுகியோ நகானோ. முதலாமவரைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு. இரண்டாமவரை என் மாணவர்கள் யாரும் கேள்விப்பட்டதில்லை.

வதனாபே கேட்டதன் விளைவு, 1972இல் கின்சா பகுதியில் எழுந்த நகாகின் கேப்சூல் கோபுரம். இரண்டு கான்கிரீட் தண்டுகள், அவற்றில் 140 பெட்டிகள். ஒவ்வொன்றும் சுமார் பத்து சதுர மீட்டர். ஒரே ஒரு பெரிய வட்ட ஜன்னல், விமானத்தில் இருப்பதுபோல அடக்கமான குளியலறை, சுவரோடு மடிக்கும் மேஜை, டேப் ரெக்கார்டர். சமையலறை கிடையாது. ஒவ்வொரு பெட்டியும் நான்கே போல்ட்டுகளில் நின்றது. 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை கழற்றிப் புதிது மாட்டலாம் என்பது திட்டம். ஒரு பெட்டிகூட மாற்றப்படவில்லை. மேலே உள்ளதைத் தொடாமல் கீழே உள்ளதை எடுக்க முடியாது. பெட்டிகளுக்குத் தனித்தனி உரிமையாளர்கள் வேறு, அத்தனை பேரும் ஒத்துக்கொண்டு பணம் போட வேண்டும். 2007இல் இடிப்பதற்கு ஆதரவாகக் குடியிருப்போர் வாக்களித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் குரோகாவா இறந்தார். 2022 ஏப்ரலில் கழற்றத் தொடங்கினார்கள். 23 பெட்டிகளைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்று சான் ஃபிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகம் வரை போயிருக்கிறது.

நகானோவின் கதைக்குப் போகுமுன் ஒசாகாவின் தெற்கே, ஷின்-இமாமியா நிலையத்தை அடுத்த கமகசாகிக்குப் போக வேண்டும். அந்தக் கண்காட்சியைக் கட்ட நாடெங்கிலுமிருந்து கூலித் தொழிலாளர்கள் ஒசாகாவுக்கு வந்தார்கள். அவர்களில் ஏராளமானோர் தங்கியது கமகசாகியின் மலிவு விடுதிகளில். ஒரே அறையை மரப் பலகையால் மேலும் கீழுமாகத் தடுத்து, ஏணி வைத்து, ஆளுக்கொரு தட்டு. பட்டுப்புழு வளர்க்கும் அடுக்குகளின் பெயரையே அந்தப் படுக்கைகளுக்கு வைத்திருந்தார்கள். இந்த வகை விடுதிகளின் வேர் எடோ காலத்துக்குப் போகிறது. நெடுஞ்சாலை ஊர்களில் பயணி தன் அரிசியைத் தானே கொண்டுவந்து, அதைச் சமைக்க ஆகும் விறகுக்கு மட்டும் காசு கொடுத்து, முன்பின் தெரியாதவர்களோடு ஒரே கூடத்தில் படுத்துக்கொள்ளும் சத்திரங்கள் அவை. நகரங்கள் பெருத்தபோது, அன்றாடம் வேலை தேடுகிறவர்களின் நிரந்தர முகவரியாகவே அவை ஆகிவிட்டன. டோக்கியோவுக்கு சான்யா, யோகோஹாமாவுக்கு கோதோபுகிச்சோ, ஒசாகாவுக்கு கமகசாகி. 1961 ஆகஸ்டில் கமகசாகியில் கார் மோதி இறந்த ஒரு முதிய தொழிலாளியின் உடலைப் போலீஸார் தெருவிலேயே மூடிப் போட்டுவைத்ததால் பெரும் கலவரம் வெடித்தது. சில ஆண்டுகள் கழித்து அரசு அந்தப் பகுதிக்கு வேறு பெயர் சூட்டியது.

எதிர்கால வீடு என்று கூரையில் தொங்கிய கேப்சூலை உலகமே பார்த்தது. அந்தக் கூரையைத் தூக்கி நிறுத்த உழைத்தவர்கள் இரவில் படுத்த தட்டுகளை யாரும் கண்காட்சிக்கு வைக்கவில்லை. ஆளுக்கு ஒரு பாய் அகலம், இரண்டடுக்கு, காலடியில் ஒரு திரை. கேப்சூல் ஓட்டலின் உடல் அமைப்பு அங்கே ஏற்கெனவே இருந்தது. குரோகாவா அதைப் பார்த்து வரைந்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த ஓட்டலின் முன்னோரைப் பட்டியலிடும்போது விண்வெளிக் கலத்தை மட்டும் சொல்லி இதை விட்டுவிடுவது அநியாயம். சட்டமே அந்த உறவை ஒப்புக்கொள்கிறது. 1948இல் வந்த தங்கும் விடுதிச் சட்டத்தில், பலர் இடத்தைப் பகிர்ந்து தங்கும் எளிய விடுதிகளுக்கென்று ஒரு பிரிவு உண்டு. கமகசாகி விடுதிக்கும் கேப்சூல் ஓட்டலுக்கும் உரிமம் அந்த ஒரே பிரிவின் கீழ்தான்.

இனி நகானோ. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்குப் பிறகு ஜப்பானிய நகரங்களில் சவுனா பரவியது. ரயிலை விட்டவர்களுக்கு இரவெல்லாம் திறந்திருக்கும் சவுனா ஒரு வரம். குளித்து, அங்கே தரும் அங்கியை மாட்டிக்கொண்டு, ஓய்வறையில் கிடந்துவிட்டு, காலையில் அப்படியே அலுவலகம் போகலாம். நகானோவின் நிலையத்தில் ஓய்வறை நாற்காலிகள் நிரம்பி வழிந்தன. மிச்சப்பேர் தரையில் கிடந்தார்கள். கண்காட்சியில் பார்த்தது நினைவில் இருந்ததால் அவர் குரோகாவாவையே அணுகினார். குளிக்க கீழே பெரிய தொட்டிகள் இருக்கின்றன, சாப்பிடவும் இடம் இருக்கிறது, படுக்க மட்டும் ஆளுக்கொரு இடம் வேண்டும். இவ்வளவுதான் தேவை. பெட்டிகளைச் செய்து தந்தது கோதோபுகி என்ற நிறுவனம். 1914இலிருந்து இருக்கும் நிறுவனம் அது, அரங்குகளுக்கும் மைதானங்களுக்கும் இருக்கை செய்து பெயர் வாங்கியது. உட்கார வைப்பதில் கைதேர்ந்தவர்களிடம் படுக்க வைக்கும் வேலை போனது. 1979 பிப்ரவரி 1ஆம் தேதி உமேதாவை அடுத்த தோயாமாவில் ‘கேப்சூல் இன் ஒசாகா’ திறக்கப்பட்டது. உலகின் முதல் கேப்சூல் ஓட்டல் அதுதான்.

அகலம் ஒரு மீட்டர், உயரம் ஒரு மீட்டர், நீளம் இரண்டு மீட்டர். எங்கும் கூர்மையான மூலை இல்லை, எல்லாம் வளைவு. விளக்கு, ரேடியோ, அலாரம், டிவி, காற்று வரும் துளை எல்லாம் படுத்த கைக்கு எட்டுகிற இடத்தில். நகாகின் பெட்டிக்குள் குரோகாவா ஒரு வாழ்க்கையை அடக்கப் பார்த்தார், இங்கே ஓர் இரவை மட்டும் அடக்கினார். குழாய் இல்லை, கழிப்பறை இல்லை, ஒழுக ஒன்றும் இல்லை. ஒரு பெட்டி பழுதானால் மாற்றுவதற்கு நூறு பேரைக் கேட்க வேண்டியதில்லை, முதலாளி ஒருவரே முடிவு செய்யலாம். கழற்றி மாற்றும் கனவு அந்தப் புகழ்பெற்ற கோபுரத்தில் தோற்று, சவுனாவின் மாடியில் ஜெயித்ததற்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

க்யோட்டோவில் ஒரு கேப்சூல் ஓட்டலில் தனியாகத் தங்கப் போகிறேன் என்று அம்மாவிடம் போனில் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “தாழ்ப்பாள் இருக்கா?” இல்லம்மா, திரைதான் என்றேன். “அப்புறம் எப்படிடி தூங்குவ?” சரியான கேள்விதான். கேப்சூலைச் சட்டம் அறையாகக் கணக்கில் எடுப்பதில்லை, படுக்கையாகத்தான் எடுக்கிறது. பூட்டுப் போட்டால் அது அறையாகிவிடும், அறை என்றால் தீயணைப்பு விதிகள் அத்தனையும் ஒவ்வொரு பெட்டிக்கும் பொருந்த வேண்டும். அதனால் உலகத்திலேயே ஒழுங்கான நாடுகளில் ஒன்றில், பூட்டில்லாத நூறு படுக்கைகள் ஒரே மாடியில். பணமும் பாஸ்போர்ட்டும் கீழே லாக்கரில், உடம்பு மட்டும் மேலே.

நான் தங்கியது தெராமாச்சியில், 2009 டிசம்பரில் ‘நைன் அவர்ஸ்’ தொடங்கிய முதல் ஓட்டலில். குளிக்க ஒரு மணி, தூங்க ஏழு மணி, கிளம்ப ஒரு மணி என்ற கணக்கில் வந்த பெயர். பெட்டியை வடிவமைத்தவர் ஃபுமியே ஷிபாதா என்ற பெண். ஆண்களுக்கும் பெண்களுக்கும் லிஃப்ட்டே தனித்தனி. வாசலில் செருப்பைக் கழற்றி வைத்து, லாக்கரில் பையைப் பூட்டி, அவர்கள் தந்த இரவு உடையில் மேலே போனேன். இருட்டான நடையில் இருபுறமும் வெள்ளை வாய்கள் இரண்டடுக்காக. எனக்கு மேல்தட்டு. தலைமாட்டில் ஒரு திருகு, திருகினால் வெளிச்சம் மெல்ல மெல்ல அடங்கும். காலையில் மணி அடிக்காது, வெளிச்சமே கூடிக்கூடி எழுப்பும். நம்மூர் ரயிலின் மிடில் பெர்த்தில் தலை நிமிர முடியாது, இங்கே சம்மணமிட்டு உட்கார்ந்து தலை வாரிக்கொள்ள முடிந்தது. விடியுமுன் எங்கோ ஒரு செல்போன் பிளாஸ்டிக் தரையில் அதிர்ந்தது, ஒரே அதிர்வுதான், கை அதை அமுக்கிவிட்டது. பிறகு யாரோ சின்னப் பையின் ஜிப்பை, சத்தம் வராமலிருக்க, ஒவ்வொரு பல்லாகத் திறந்தார்கள். பூட்டு செய்யாததை அந்த நிதானம் செய்தது. அம்மாவுக்கு அதைச் சொல்லிப் புரியவைத்தேன். நம்பினாரா தெரியாது.

கேப்சூல் ஓட்டலில் பெண்களுக்குப் பரவலாக இடம் கிடைக்க முப்பது ஆண்டுகள் ஆனது. நாற்பது பக்க ஆய்வுக் கட்டுரையிலும் ஒரு வரிக்கு மேல் வராத விஷயம் இது. சவுனாவிலிருந்து பிறந்ததால் கேப்சூல் ஓட்டல் ஆண்களின் இடமாகவே வளர்ந்தது. பெண்களுக்கென்று தனி மாடி ஒதுக்கிய ஓட்டல்கள் சில இருந்தன, பெரும்பாலானவை ஒதுக்கவில்லை. அலுவலகத்தில் இரவு வெகுநேரம் இருந்த பெண்கள் ரயிலை விட்டால் எங்கே போனார்கள் என்று அந்தக் காலத்து விளம்பரங்கள் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

எண்பதுகளின் இறுதியில் நிலத்தின் விலை தலைகால் தெரியாமல் ஏறியபோது கேப்சூல்களும் பெருகின. டாக்ஸியை நிறுத்தப் பத்தாயிரம் யென் நோட்டை ஆட்டிக் காட்டிய காலம் அது. அந்த விலைக் குமிழி உடைந்த பிறகு, ஓர் இரவுக்கு வந்தவர்களின் இடத்தில் போக இடமில்லாதவர்கள் வரத் தொடங்கினார்கள். 2008 நிதி நெருக்கடிக்குப் பின் டோக்கியோவின் ஷின்ஜுகுவில் ஒரு கேப்சூல் ஓட்டல் மாத வாடகைக்கே பெட்டி கொடுத்தது. வேலையும் அறையும் போனவர்கள் மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தார்கள். ஓர் இரவுக்காக அளந்த இரண்டு மீட்டர், வீடாகிப்போனது. நகர்ந்துகொண்டே இருக்கும் மனிதனைப் பற்றிப் பிரகடனம் பேசியது, நகர வழியில்லாதவனைப் பற்றிப் பேசவில்லை. கமகசாகி வேறு உருவில் திரும்பி வந்ததாகத்தான் இதை நான் படிக்கிறேன்.

பிறகு வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். 2013இல் ஒரு கோடியைத் தாண்டிய அவர்கள் எண்ணிக்கை 2019இல் 3 கோடியே 18 லட்சத்தைத் தொட்டது. முதலாளிகள் சுவரைச் சுரண்டிப் புது வண்ணம் அடித்தார்கள். விமானத்தின் முதல் வகுப்பு போலப் பெட்டியை அகலமாக்கிய ‘ஃபர்ஸ்ட் கேபின்’ 2009இல் ஒசாகாவில் தொடங்கியது. 2020 ஏப்ரலில், கொரோனாவில் ஊரே அடங்கியபோது, திவாலானது. நரிதா விமான நிலையத்துக்குள்ளேயே 2014இல் கேப்சூல்கள் வந்தன.

தோயாமாவுக்குப் போயிருக்கிறேன். ஹான்க்யூ கிழக்குக் கடைத்தெருவின் கூரைக்கடியில் நடந்து திரும்பினால் அந்தக் கட்டடம். உள்ளே போக முடியவில்லை, ஆண்களுக்கு மட்டும். குரோகாவாவின் ஒரு பெட்டியை அருங்காட்சியகத்தில் நின்று பார்க்கலாம், அவர் வரைந்த இன்னொரு பெட்டி இங்கே இரவு வாடகைக்கு வேலை செய்துகொண்டிருக்கிறது. என் பாடத்திட்டத்தில் முதலாவது மட்டும்தான் இருக்கிறது. இரண்டாவதையும், நகானோவின் பெயரையும், கமகசாகியின் தட்டுகளையும் சேர்க்கச் சொல்லித் துறையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தோயாமா பெட்டிகளையும் ஒருநாள் கழற்றுவார்கள். அதற்குமுன் ஓர் இரவாவது பெண்களுக்கும் அவற்றைத் திறந்துவிட வேண்டும். முதல் ஆளாகப் போய்ப் படுக்க ஆசை.