படைவீரர் எடைக் குறைப்பில் வளர்சிதைமாற்ற அளவீடு

உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றலை மூச்சுக்காற்றிலிருந்து கணக்கிட்டு, அதற்கேற்ப வீரருக்கு உணவும் பயிற்சியும் வகுப்பது எடைக் குறைப்பு வழிகளுள் ஒன்று. ஒரே எடையுள்ள இருவரின் செலவுகூட ஒன்றாக இராது என்பதே இதன் அடிப்படை.

இதற்கான கருவிகளில் நெடுங்காலம் நிலைத்தது, ஆக்ஸ்ஃபோர்டின் சி. ஜி. டக்ளஸ் 1911இல் விவரித்த காற்றுப் பை. மூக்கைக் கவ்வியால் அடைத்து, வாய்க்குழாய் வழியே வெளிவரும் காற்றைப் பையில் பிடித்து, அதன் அளவையும் அதிலுள்ள ஆக்சிசன், கரியமில வாயு விகிதத்தையும் காண்பார்கள். 1919இல் ஹாரிஸ், பெனடிக்ட் என்ற ஆய்வாளர்கள் உயரம், எடை, வயதைக் கொண்டே ஓய்வு ஆற்றல் செலவை மதிப்பிடும் வாய்பாட்டை வெளியிட்டார்கள். அதற்கு அளக்கப்பட்டவர்கள் அமெரிக்கர்கள். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியின் எலினார் மேசன், அதே பெனடிக்டுடன் சேர்ந்து தென்னிந்தியப் பெண்களை அளந்து 1931இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களின் செலவு அமெரிக்க அளவுகோலைவிடத் தெளிவாகத் தாழ்ந்திருந்தது. பின்னாளில், பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஷெட்டி, சோரஸ் ஆகிய ஆய்வாளர்களும் சர்வதேச வாய்பாடுகள் இந்தியருக்கு மிகை காட்டுவதைக் கண்டார்கள். இதற்குக் காரணம் இனத்தைவிட உடலின் தசை, கொழுப்பு விகிதமே எனக் கருதப்படுகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 1989ஆம் ஆண்டு வாய்பாடு, சர்வதேச மதிப்பைச் சுமார் 5 விழுக்காடு குறைத்தது. 80 கிலோ எடையுள்ள 40 வயது ஹவில்தாருக்குச் சர்வதேசக் கணக்கு 1,807 கலோரி. இந்தியக் கணக்கு 1,705. நாள்தோறும் இரண்டு இட்லிக்குச் சற்றுக் குறைந்த இந்த வேறுபாடு, மாதக்கணக்கில் எடைக் குறைப்பையே மந்தமாக்கும். எந்த வாய்பாடும் தனியாளின் அளவைச் சொல்வதில்லை; அதை நேரில் அளந்தே அறியவேண்டும். இரவு முழுதும் உண்ணாமலிருந்து, காலையில் அரைமணி படுத்திருந்தபின் நிமிடத்துக்கு 250 மில்லிலிட்டர் ஆக்சிசனை உள்வாங்கி, 200 மில்லிலிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுபவரின் ஒருநாள் ஓய்வுச் செலவு, இவ்விரு வாயு அளவுகளிலிருந்து ஆற்றலைக் கணிக்கும் வீர் (Weir) சமன்பாட்டின்படி ஏறத்தாழ 1,740 கலோரி. எடை குறையக் குறைய இதுவும் இறங்குவதால், சிலகாலம் கழித்து மறுபடி அளப்பதே முறை.

படைவீரர் உடலியலுக்கென டெல்லியில் ஓர் ஆய்வகமும், உணவுக்கென மைசூரில் 1961 முதல் மற்றோர் ஆய்வகமும் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின்கீழ் உள்ளன. பணியிலுள்ளோருக்கு மட்டுமன்றி, ஓய்வுபெற்றோருக்கும் இந்த அளவீடு உதவும். ஓசூரில் இன்று ஓய்வுபெற்ற வீரர்கள் பலர் ஆலைகளின் வாயிற்காவலில் அமர்கிறார்கள். பரேடு நின்றபின் பழைய சாப்பாட்டளவு தொடர்வது அவர்கள் எடை கூட ஒரு காரணம்.

அண்மைக்காலத்தில் கையடக்கக் கருவிகளும் வந்துள்ளன. அவற்றுள் சில ஆக்சிசனை மட்டும் அளந்து, கரியமில வாயுவை ஊகித்துக்கொள்கின்றன.