தகரத் தொட்டியில் விளைந்த அறிவு

அடுப்படி பெண்ணுக்கு, ஆய்வுக்கூடம் ஆணுக்கு! இந்தப் பாகப்பிரிவினை நம் நாட்டுச் சாத்திரக்காரர்களின் தனிச்சொத்து என்று எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! விஞ்ஞானம் வீறுநடை போட்ட ஜெர்மனியிலும், பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும்வரை, பல்கலைக்கழகங்கள் பெண்களை முறையான மாணவராக ஏற்கவில்லை.

அவ்வாறு தடுக்கப்பட்டவர்களில் ஒருவர் ஆக்னஸ் பொக்கெல்ஸ். 1862இல் பிறந்தவர். பிரவுன்ஷ்வைக் நகரத்து மகளிர் பள்ளியோடு படிப்பு முடிந்தது. பௌதிகத்தில் தணியாத வேட்கை. வாய்த்ததோ நோயுற்ற பெற்றோருக்குப் பணிவிடையும் வீட்டு வேலையும். மூன்றாண்டு இளைய தம்பி பிரீட்ரிஷ் கெட்டிங்கன் பல்கலைக்கழகம் சென்றான். ஏன்? அவன் ஆண்! தம்பி நல்லவன், பௌதிக நூல்களைத் தமக்கைக்குக் கிடைக்கச் செய்தான்.

பாத்திரம் துலக்கிய நீரில் எண்ணெய்ப் பசை படர்வதை எத்தனை கோடிப் பெண்கள் கண்டிருப்பர்! இவர் அதை அளந்தார். 1882இல், இருபதாம் வயதில், தகரத் தொட்டி ஒன்று அமைத்தார். நீளம் 70 சென்டிமீட்டர், அகலம் 5, உயரம் 2. விளிம்புவரை நீர், குறுக்கே ஒரு தகரப் பட்டை. பட்டையை நகர்த்தினால், எண்ணெய்ப் படலம் பரவிய இடம் சுருங்கும், விரியும். நீரின் முகத்தில் ஒட்டிய சிறு வட்டத் தகட்டைப் பிரித்தெடுக்க எவ்வளவு எடை வேண்டும் என்பதைத் தராசு சொல்லும். அதைக்கொண்டு நீரின் பரப்பு இழுவிசையைக் கணித்தார்.

கண்டது என்ன? படலத்துக்கு இடம் தாராளமாக இருந்தவரை, இழுவிசை ஏறக்குறையத் தூய நீரின் அளவிலேயே நின்றது. பட்டையை நெருக்கிக்கொண்டே வர, ஓர் எல்லையில் சட்டென வீழ்ந்தது! அதே எண்ணெய், அதே நீர். இடம் குறைந்ததும் குணம் மாறிற்று.

காரணம் பின்னர் விளங்கிற்று. சவர்க்காரம், கொழுப்பமிலம் போன்றவற்றின் மூலக்கூற்றில் தலை நீரை நாடும். வால் நீரை வெறுக்கும். இடம் மிகுந்தால் அவை ஆவித் துகள்போல் தனித்துத் திரியும். நெருக்கினால் திரவம்போல் கூடும். மேலும் நெருக்கினால், தலை நீரிலும் வால் காற்றிலுமாக, அணிவகுத்த படைபோல் நிமிர்ந்து திண்மமாய் இறுகும். ஒற்றை மூலக்கூற்றுக் கனமே உள்ள படலத்துக்கு இத்தனை நிலைகள்!

கெட்டிங்கன் மேதைகள் இவரைப் பொருட்படுத்தவில்லை. 1891 சனவரியில் இங்கிலாந்தின் ரேலீ பிரபுவுக்கு ஜெர்மன் மொழியில் கடிதம் எழுதினார். தாமும் அதே துறையில் ஆய்ந்துகொண்டிருந்தவர் அவர். எனினும் கடிதத்தைத் தம் துணைவியாரைக் கொண்டு மொழிபெயர்த்து, 'நேச்சர்' ஏட்டுக்கு அனுப்பினார். மார்ச்சில் அச்சேறிற்று. பிரபுக்களில் இப்படியும் ஒருவர்!

அந்தத் தொட்டியைச் செம்மைப்படுத்தி, மூலக்கூறுகளின் வடிவையும் அளவையும் 1917இல் நிறுவினார் அமெரிக்கர் லாங்மியூர். 1932இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. அதே ஆண்டில்தான் பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பக் கல்லூரி பொக்கெல்ஸ் அம்மையாருக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் தந்தது. அப்போது அவருக்கு வயது எழுபது! மூன்றாண்டில் மறைந்தார்.

இந்தப் படலம் நம் மார்புக்குள்ளும் இருக்கிறது. மூச்சை விடும்போது நுரையீரலின் நுண்ணறைகள் சுருங்குகின்றன, உட்புறப் படலம் நெருங்குகிறது, இழுவிசை வீழ்கிறது, அறைகள் ஒட்டிக்கொள்ளாமல் தப்புகின்றன. 1957இல் ஜான் கிளெமென்ட்ஸ் நுரையீரல் சாற்றை இவ்வகைத் தொட்டியில் இட்டே இதை அளந்தார். குறைமாதக் குழந்தைகள் மூச்சுத் திணறி மாண்டது தலைவிதியால் என்றனர் பழமைவாதிகள். படலப்பொருள் போதாமையால் என்று 1959இல் காட்டினர் மேரி எல்லன் ஏவரி அம்மையாரும் ஜெரி மீடும். நோய் தெரிந்தும் மருந்து வரவில்லை. 1963இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் குறைமாத மகன் பாட்ரிக், பிறந்து இரண்டே நாளில் இந்நோயால் இறந்தான். 1980இல் ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த பொருளைக் குழந்தைகளின் மூச்சுக்குழலில் செலுத்தினார். திணறிய குழந்தைகள் மூச்சு விட்டன.