இளவரசனுக்கு அரபு எழுத்து, பாதிரியாருக்கு ஹனசரக

ஜாவாவில் போகோர் அருகே ஆற்றுப் பாறையில் மன்னன் பூர்ணவர்மன் விட்டுச்சென்ற பாதச்சுவடுகளைச் சென்ற வாரம் பார்த்தோம். அவற்றோடுள்ள 5ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் எழுத்து பல்லவம், மொழி சமஸ்கிருதம். ஜாவானியரின் சொந்த மொழி கல்லில் ஏறுவதற்கு வெகுகாலம் பிடித்தது. கெடிரி பகுதியில் அம்மொழியில் கிடைத்த கல்வெட்டொன்று 804 மார்ச் 25 என்று நாள் குறிக்கிறது. அதற்குள் பல்லவ எழுத்து உருமாறிக் காவி எழுத்தாகியிருந்தது. காவியின் வழி வந்ததுதான் ஜாவானிய எழுத்தான ஹனசரக.

ஹனசரகவில் அடிப்படை எழுத்துகள் 20. இரண்டு மெய்கள் சேர்ந்தால் நாம் புள்ளி வைப்போம். ஜாவானியர் இரண்டாவதை முதலாவதன் காலடியில் தொங்கவிடுவார்கள். நம் கிரந்தக் கூட்டெழுத்தின் உறவுதான். சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது.

இஸ்லாம் வந்ததும் அரபு எழுத்து இதைத் துடைத்துவிட்டது என்று நினைத்தால் தவறு. சுல்தான்களின் அரண்மனைகளில் இஸ்லாமிய வீரக் கதைகளே ஹனசரகவில் எழுதப்பட்டன. அரபு ஒலிகளைக் காட்ட எழுத்தின் தலையில் மூன்று புள்ளிகள் வைத்தார்கள், அவ்வளவுதான். மதரசாக்களான பெசந்த்ரென்களில் நடந்தது இதன் மறுபக்கம். அங்கே அரபு எழுத்துக்குக் கூடுதல் புள்ளிகள் இட்டு, அரபியில் இல்லாத ச, ங, ஞ, ப ஒலிகளை உண்டாக்கி ஜாவானிய மொழியை எழுதினார்கள். அதன் பெயர் பெகோன். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வழங்கிய அரபுத் தமிழை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

1831ஆம் ஆண்டைக் கவனியுங்கள். டச்சுக்காரரை எதிர்த்து ஐந்தாண்டு போரிட்டு 1830இல் சிறைபட்ட இளவரசர் திபோனகோரோ, மனாடோவில் நாடுகடத்தப்பட்டிருந்தார். தம் வரலாற்றை அங்கே செய்யுளாக இயற்றினார். யோக்யகர்த்தா சுல்தானின் மகன். ஆனாலும் அவருடைய அந்த வரலாறு பெகோன் ஏடாகத்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதே ஆண்டில் ஜெர்மானியப் பாதிரியார் கோட்லோப் ப்ரூக்னர், ஜாவானிய மொழியில் அச்சிட்ட புதிய ஏற்பாட்டோடு ஜாவா திரும்பினார். அதன் எழுத்து ஹனசரக. அச்சான இடமோ வங்காளம்! வில்லியம் கேரியின் செராம்பூர் அச்சகத்துக்கே போய் அச்செழுத்து வார்த்துக்கொண்டு வந்திருந்தார். போர் ஓய்ந்த கையோடு முஸ்லிம்களைச் சீண்ட வேண்டாமென்று அஞ்சிய டச்சு அரசு, அந்தப் புத்தகங்களில் பெரும்பகுதியைப் பறிமுதல் செய்தது. ஆட்சியாளருக்கு மதத்தைவிட வரிவசூல் முக்கியம் போலும்.

எழுத்தைப் பார்த்து மதத்தைச் சொல்லிவிட முடியாத காலம் அது.

அச்சு வந்தபின் ஹனசரக வளர்ந்தது. 1855இல் சுரகர்த்தாவில் 'ப்ரமர்த்தானி' என்ற செய்தித்தாளே அந்த எழுத்தில் வெளிவந்தது. அதை ஓரங்கட்டியது லத்தீன் எழுத்து: காலனிப் பள்ளிக்கூடம், அரசு உத்தியோகம், மலிவான அச்சு. 1926இல் சுரகர்த்தாவின் ஸ்ரீவெதாரியில் அறிஞர்கள் கூடி ஹனசரகவின் எழுத்துமுறையை ஒழுங்குபடுத்தியது, என் பார்வையில், காலம் கடந்த வேலை. 1942இல் வந்த ஜப்பானிய ஆட்சி பொது இடங்களில் அதன் பயன்பாட்டை முடக்கியது. பிறகு சுதந்திர இந்தோனேசியாவும் லத்தீன் வழியிலேயே சென்றது.

2009இல் யூனிகோடில் இடம் கிடைத்தாலும், ஹனசரகவை இன்று அதிகம் காண்பது தெருப்பலகைகளில்தான். பெசந்த்ரென் மாணவர்களோ இன்றும் அரபு நூலின் வரிகளுக்கு அடியில் பொடி எழுத்தில் பெகோனில் பொருள் எழுதிக்கொள்கிறார்கள்.

1812இல் யோக்யகர்த்தா அரண்மனையை ஆங்கிலேயர் சூறையாடியபோது ஏடுகளும் போயின. அவை லண்டனில் என்ன ஆயின என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)