பதினொன்றாம் தேதி

1981-ல் ஓசூருக்கு வேலைக்கு வந்தபோது நான் குடியேறியது ஒரு லைன் வீட்டில். வரிசையாக எட்டுக் குடித்தனம், சிமென்ட் ஷீட் கூரை, ஆளுக்கு ஒரே அறை, அதன் மூலையில் அடுப்பு மேடை. எட்டு வீட்டுக்கும் ஒரு கிணறு. வாடகை 75 ரூபாய். வீட்டுக்காரம்மா வீட்டுக்குள் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். "ஏம்ப்பா, நைட் ஷிப்டா? அப்ப கடைசி ரூம் எடுத்துக்கோ, முன்பக்கம் பசங்க சத்தம்" என்று சொல்லித்தான் சாவி கொடுத்தார்.

பத்தாம் தேதி வரை வாடகை என்ற பேச்சே எடுக்கமாட்டார். பதினொன்றாம் தேதி விடிந்தால் வாசலில் நிற்பார். அப்போதிருந்த 1936-ஆம் ஆண்டுச் சம்பளச் சட்டப்படி ஆயிரம் பேருக்குக் குறைவான ஆலைகள் 7-ஆம் தேதிக்குள் சம்பளம் போட வேண்டியிருந்தது, பெரிய ஆலைகளுக்கு 10-ஆம் தேதி வரை அவகாசம் இருந்தது. அந்த அம்மா சட்டம் படித்தவரல்ல. எங்கள் சம்பளக் கவர் எப்போது வரும் என்பது அவருக்கு அத்துப்படி.

தொழில் வளாகங்கள் அமைக்கும் அரசு நிறுவனமான சிப்காட் 1971-ல் தொடங்கியது. அதன் ஆரம்பகால வளாகங்களில் ஓசூரும் ஒன்று. அப்போது இது தர்மபுரி மாவட்டம். பின்தங்கிய பகுதி என்று சலுகைகள் உண்டு, பெங்களூர் 40 கிலோமீட்டர்தான். 1980-ல் அசோக் லேலண்ட் வந்தது, அதே ஆண்டு டிவிஎஸ் 50 ஓடத் தொடங்கியது, பின்னால் டைட்டன். வேலைக்கு வந்தவர்களுக்குத் தங்க இடமில்லை. ராகி விளைந்த காட்டோரத்தில் விவசாயிகள் லைன் கட்டினார்கள். இந்த ஊர் வாடகைத் தொழில் அப்படித்தான் பிறந்தது.

நானும் 1994-ல் ஒரு 'முப்பதுக்கு நாப்பது சைட்' வாங்கினேன். மற்ற ஊர்க்காரர்கள் மனை, கிரவுண்ட் என்பார்கள். எங்களுக்குக் கர்நாடகப் பழக்கத்தில் சைட். "பஞ்சாயத்து அப்ரூவல் சார், பயமே வேண்டாம்" என்றார் தரகர். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து லேஅவுட்டுக்குச் செல்லாது, 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி அனுமதி டிடிசிபி எனும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தில் வாங்க வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப்பதிவை நிறுத்தியபோது என் பத்திரம் பீரோவில் தூங்கிற்று. 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. கட்டணம் கட்டி மீண்டேன். மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் மட்டும் பார்த்தால் போதாது, டிடிசிபி எண்ணையும் பாருங்கள் என்று இப்போது தெருவில் போகிறவர்களைக்கூடப் பிடித்துச் சொல்கிறேன்.

அந்த சைட்டில் மூன்று போர்ஷன் கட்டினேன். பெங்களூர்ப் பழக்கத்தைப் பார்த்துப் பத்து மாத அட்வான்ஸ், பதினொரு மாத அக்ரிமெண்ட். ஓராண்டுக்கு மேல் போனால் பதிவுக்குப் போக வேண்டும், அதனால்தான் பதினொன்று. 2019 பிப்ரவரியில் புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், வேறுவிதமாகப் பேசி எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. நான் மூன்றுக்கு இறங்கிவிட்டேன். அதற்கப்புறம் வீடு ஒருநாளும் காலியாகக் கிடந்ததில்லை.

புதிதாக வாங்குகிறவர்கள் சறுக்குவது வேறு இடத்தில். சைட் விலையை ஏற்றுவது பெங்களூர்ப் பணமும் மெட்ரோ வருமென்ற பேச்சும். வாடகையை நிர்ணயிப்பது ஷிப்டுக்குப் போகிறவன் சம்பளம். முன்னது எவ்வளவு ஏறினாலும் பின்னது அதன் வேகத்தில்தான் நகரும். வங்கிக் கடனில் கட்டிவிட்டு, தவணைக்கு வாடகை போதாமல் விழிபிதுங்கியவர்களை என் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

சைட் பார்க்க ஞாயிற்றுக்கிழமை காரில் வராதீர்கள். வேலை நாளில் காலை ஐந்தரைக்கு வந்து நில்லுங்கள். கம்பெனி பஸ் எந்த முக்கில் நிற்கிறது, எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.