மொத்தமே ரெண்டு பிரதி

கவிஞர் கையெழுத்து போட்ட, எண்ணி அச்சடிச்ச புத்தகங்களைச் சேர்க்கிறவங்களுக்கு ராபர்ட் ஃப்ராஸ்ட் பெரிய பேர். 1923-ல் வந்த 'நியூ ஹாம்ப்ஷையர்' கையெழுத்துப் பதிப்பு 350 பிரதி. 1928-ல் 'வெஸ்ட்-ரன்னிங் புரூக்' 1000. உள்ளே எண், பக்கத்தில் பேனா மையில் கையெழுத்து. எத்தனை பிரதிங்கிறது பதிப்பாளர் போட்ட கணக்கு. ரொம்ப அதிகமாவும் இருக்கக்கூடாது, நஷ்டமும் ஆகக்கூடாது.

ஆனா 1894-ல் யாரும் கணக்கு போடலை. ஃப்ராஸ்டுக்கு அப்போ 20 வயசு. தன்னோட 5 கவிதைகளை 'ட்வைலைட்'னு சொந்தச் செலவில் அச்சடிக்கிறார். மொத்தமே ரெண்டு பிரதி! ஒண்ணு அவருக்கு, இன்னொண்ணு எலினோர் வைட்டுக்கு. எலினோர் படிச்சிட்டிருந்த கான்டன் ஊருக்கே, நியூயார்க் மாநிலத்துக்கு, நேர்ல கொண்டுபோய்க் கொடுக்கிறார். அவங்க பெருசா கண்டுக்கலை. நொந்துபோன மனுஷன் தன் பிரதியை அழிச்சிடறார். (பேக்கப்பை நாமே டெலீட் பண்ற மாதிரி. கோபத்துல நானும் பண்ணியிருக்கேன்.)

அடுத்த வருஷமே ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆகுது. 1938-ல் எலினோர் இறந்துபோறாங்க. அதுக்கப்புறம் அந்த மிச்சமிருந்த ஒரே பிரதியை ஏர்ல் பெர்ன்ஹைமர்ங்கிற சேகரிப்பாளருக்கு வித்தது வேற யாரும் இல்லை, ஃப்ராஸ்டேதான். எனக்கு இங்கே கொஞ்சம் வலிக்குது. பெர்ன்ஹைமர் கையை விட்டும் போய், இப்போ அது வர்ஜீனியா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கு.