பிடி தேய்ந்தால் தடியை வீசுவதா? கோல்ப் கைப்பிடியின் கதை



கோல்ப் என்றதும் எம்மில் பலருக்கு ஞாபகம் வருவது பச்சைப் புல்வெளியும் பணக்காரர்களும்தான். எமது ஊர்களில் கிரிக்கெட் உண்டு, உதைபந்தாட்டம் உண்டு, எல்லே உண்டு. கோல்ப் தடியைக் கையால் தொட்டவர்கள் மிகச் சிலரே. ஆனாலும் அந்தத் தடியின் கைப்பிடிக்குப் பின்னால் நாம் அறிந்திருக்க வேண்டிய ஒரு வரலாறு இருக்கிறது. அதற்குள் எமது நாட்டின் இறப்பர் மரமும் வருகிறது. பதிவு கொஞ்சம் நீளம், ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. கோல்ப் தடியில் சீக்கிரம் பழுதாகும் பகுதி எது? பந்தை அடிக்கும் தலை என்றுதான் பலரும் சொல்வார்கள். உண்மையில் முதலில் தேய்வது கை படும் பிடி. வியர்வை, வெயில், கையிலுள்ள எண்ணெய்த்தன்மை எல்லாம் சேர்ந்து அதைக் காய்ந்து வழுக்கச் செய்துவிடும். பிடி வழுக்கினால் விளையாடுபவர் தடியை இன்னும் இறுக்கிப் பிடிப்பார். இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு விறைக்கும், அடி பிழைக்கும். அதனால் பிடியைப் புதுப்பிக்கும் வேலை இந்த விளையாட்டோடு கூடவே வந்த வேலை. அந்த வேலை யாருடைய கையில் இருந்தது, யாருடைய கைக்குப் போனது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

*வில் செய்தவரின் கை*

1457 இல் ஸ்கொட்லாந்தின் பாராளுமன்றம் கோல்பையும் உதைபந்தாட்டத்தையும் தடை செய்தது. போருக்குத் தேவையான வில் பயிற்சியை மக்கள் விட்டுவிடுகிறார்கள் என்பதே காரணம். ஆனால் 1502 இல் நான்காம் ஜேம்ஸ் மன்னரே பேர்த் நகரில் கோல்ப் தடிகள் வாங்கியதாக அரச கணக்கேட்டில் பதிவாகியுள்ளது. யாரிடம் வாங்கினார்? வில் செய்யும் ஒரு தொழிலாளியிடம்! 1603 இல் ஆறாம் ஜேம்ஸ் மன்னர் வில்லியம் மேய்ன் என்பவரைத் தமக்கு வில்லும் கோல்ப் தடியும் செய்பவராக நியமித்தார். மரம் எங்கே வளையும், எங்கே முறியும் என்பதை அறிந்த கைகள் அவை. வில்லைத் தாண்டிக் கோல்ப் நிலைத்தது. வில் செய்தவரின் தொழிலறிவோ அழியாமல் கோல்ப் தடிக்குள் புகுந்துகொண்டது.

*தோலும் கம்பளியும்*

அந்தக் காலத்துப் பிடி எப்படி இருந்தது? மரத்தண்டின் மேற்பகுதியில் முதலில் கம்பளித் துணிக் கீலங்களைச் சுற்றுவார்கள். அது கைக்கு மெத்தை. அதன் மேல் ஆட்டுத்தோலை நீளக் கீலமாக வெட்டி, பாம்பு சுற்றுவது போலச் சரிவாகச் சுற்றி ஒட்டுவார்கள். கடைசியில் இரண்டு முனைகளையும் நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். தோல் தேய்ந்தால் நூலை அவிழ்த்து, பழைய தோலை உரித்து, புதியதைச் சுற்றினால் போதும். தடி அதே தடிதான்.

சொல்வதற்கு இலகுவாக இருந்தாலும் செய்வது இலகுவல்ல. தோலின் ஓரங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறக்கூடாது, இடைவெளியும் விழக்கூடாது. ஓரிடத்தில் இறுக்கமும் ஓரிடத்தில் தளர்வும் இருந்தால் கை உடனே கண்டுபிடித்துவிடும். 19 ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த ஹிக்கரி மரம் தண்டுக்குப் பெயர் பெற்றது. ஒவ்வொரு மரத்தண்டும் கையால் சீவப்பட்டது, ஒன்று போல் இன்னொன்று இருக்காது. ஆகவே ஒவ்வொரு பிடியும் அந்தந்தத் தண்டுக்கென்றே சுற்றப்பட்டது.

இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் சாதாரண குடும்பத்து மனிதர்கள். சென் அன்ட்ரூஸ் நகரின் டொம் மொரிஸை (1821–1908) எடுத்துக்கொள்ளுங்கள். நெசவாளர் ஒருவரின் மகன் அவர். அலன் ரொபர்ட்சனிடம் வேலை பழகினார். அக்காலப் பந்து, தோலுக்குள் இறகை அடைத்துச் செய்யப்பட்டது. 1848 அளவில் மலாய் தேசத்து மரப்பாலான கட்டாபேர்ச்சாவில் செய்த மலிவான பந்து வந்தது. இறகுப் பந்தை நம்பியிருந்த ரொபர்ட்சனுக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பந்தின் காரணமாகவே இருவரும் பிரிந்தார்கள். ஒரு தூரதேசத்து மரத்தின் பால் ஸ்கொட்லாந்தில் ஒரு தொழிலையே மாற்றிவிட்டது!

டொம் மொரிஸ் பின்னர் நான்கு முறை ஓபன் சம்பியனானார், மைதானத்தைப் பராமரித்தார், தடி செய்யும் கடையும் வைத்திருந்தார். ஆனால் கனவான்களின் சங்கங்களில் இவரைப் போன்ற தொழில்முறை வீரர்கள் சரிசமமாக நடத்தப்படவில்லை. சங்கக் கட்டடத்துக்குள் இயல்பாக நுழையும் உரிமைகூட அவர்களுக்கு இருக்கவில்லை. அமெரிக்காவின் டொலிடோ நகரிலுள்ள இன்வர்னெஸ் சங்கம், 1920 ஆம் ஆண்டு அமெரிக்க ஓபன் போட்டியின்போது தன் கதவைத் தொழில்முறை வீரர்களுக்குத் திறந்துவிட்டது. அது வரலாற்றில் பேசப்படும் ஒரு நிகழ்வு. தடியைச் செய்த கை, பிடியைச் சுற்றிய கை உள்ளே வருவதற்கு அத்தனை காலம் எடுத்தது.

*எமது மண்ணின் பால்*

இப்போது எமது பக்கம் வருவோம். 1839 இல் அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர், இறப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் உருகாமலும் குளிரில் வெடிக்காமலும் உறுதியாக இருக்கும் என்று கண்டறிந்தார். அதன்பின் உலகத்துக்கு இறப்பர் தேவைப்பட்டது. ஆனால் அந்த மரம் அமேசன் காட்டுக்குரியது.

1876 இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டு சென்றார். அவற்றில் சிறு பங்குதான் முளைத்தது. முளைத்தவற்றில் ஏறத்தாழ 1,900 கன்றுகள் அதே ஆண்டு கப்பலில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொட தாவரவியல் பூங்காவில் நடப்பட்டன. ஆசியாவின் இறப்பர்ப் பயிர்ச்செய்கை தொடங்கிய இடங்களில் முதன்மையானது அது. மூன்று வருடம் கழித்து, 1879 இல், ஆங்கிலேயர்கள் கொழும்பில் கோல்ப் சங்கத்தை ஆரம்பித்தார்கள். இன்றைய ரோயல் கொழும்பு கோல்ப் கழகம் அதுதான். இறப்பரும் கோல்பும் ஒரே காலத்தில், ஒரே ஆட்சியாளர்களின் கையால் எமது நாட்டுக்கு வந்தவை.

பிறகு களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி எனத் தோட்டங்கள் பரவின. விடியும் முன் எழுந்து, மரத்தில் மெல்லிய சரிவாகக் கீறி, சிரட்டையில் பாலைச் சேர்த்தவர்கள் தோட்டத் தொழிலாளர்களும் கிராமத்து மக்களும். 1942 இல் ஜப்பான் மலாயாவைக் கைப்பற்றியபோது, நேச நாடுகளுக்கு எஞ்சியிருந்த பெரிய இயற்கை இறப்பர் மூலம் இலங்கையாக இருந்தது. மரத்தின் ஆயுளைப் பற்றி யோசிக்காமல் அளவுக்கு மிஞ்சிக் கீறிப் பால் எடுத்தார்கள். பாடப்புத்தகத்தில் ஓரிரு வரிகளில் கடந்துபோகும் செய்தி இது. அதன் சுமை மரத்துக்கும் தொழிலாளிக்கும்தான்.

*உருக்கு வந்தது, இறப்பர் சேர்ந்தது*

இதற்கிடையில் கோல்ப் தடியின் தண்டு மாறியது. அமெரிக்க கோல்ப் சங்கம் 1924 இலும், பிரித்தானியாவில் விதிகளை வகுக்கும் ஆர் அன்ட் ஏ 1929 இலும் உருக்குத் தண்டை அனுமதித்தன. 1931 இல் பில்லி பேர்க் உருக்குத் தண்டுகளுடன் அமெரிக்க ஓபனை வென்றார். மரம் போலல்லாமல், தொழிற்சாலையில் செய்த உருக்குத் தண்டுகள் எல்லாம் ஒரே அளவு. ஆனாலும் பல வருடங்களுக்கு அதன் மேலும் தோலைத்தான் சுற்றினார்கள். பழக்கம் பொருளை விட மெதுவாகத்தான் மாறும்.

தண்டு ஒரே அளவானால் பிடியையும் ஒரே அளவில் வார்க்கலாம் அல்லவா? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் தொமஸ் ஃபோவிக் என்ற கண்டுபிடிப்பாளர் அதைச் செய்தார். இயந்திரங்களின் கிளட்ச் துறையில் பெயர் பெற்ற அவர், 1949 இல் இறப்பர்ப் பிடியுடன் கோல்ப் பிரைட் நிறுவனத்தைத் தொடங்கினார். 1953 இல் தண்டின் மேல் அப்படியே உறை போல் ஏற்றக்கூடிய பிடி வந்தது. 1958 இல் டொமி போல்ட் அத்தகைய பிடியுடன் அமெரிக்க ஓபனை வென்றதும் தோலின் காலம் சுருங்கத் தொடங்கியது.

*வீட்டு மேசையில்*

இங்கேதான் கதை திரும்புகிறது. தோலைச் சுற்ற வருடக்கணக்கில் பழக வேண்டும். இறப்பர்ப் பிடியை மாற்ற ஒரு மாலைப்பொழுது போதும். முறை இதுதான்:

1. தடியை வைஸில் மெதுவாகப் பூட்ட வேண்டும். தண்டு நசுங்காமல் இறப்பர்த் துண்டு ஒன்றை இடையில் வைக்க வேண்டும்.

2. வளைந்த பிளேட்டால் பழைய பிடியைக் கீறி உரிக்க வேண்டும். வெட்டு எப்போதும் உடம்புக்கு எதிர்ப்பக்கமாகப் போக வேண்டும். காபன் இழைத் தண்டு என்றால் இன்னும் கவனம் தேவை, கீறல் விழுந்தால் தண்டே பலவீனமாகிவிடும்.

3. பழைய டேப்பைச் சுரண்டித் துடைத்துவிட்டு, இருபக்கமும் ஒட்டும் டேப்பைச் சுற்ற வேண்டும். பெரிய கைக்காரர் இன்னொரு சுற்று சுற்றினால் பிடி சற்றுத் தடிக்கும்.

4. புதிய பிடியின் நுனித் துளையை விரலால் மூடி, டர்பன்டைன் போன்ற கரைப்பானை உள்ளே ஊற்றிக் குலுக்கி, அதையே டேப்பின் மேலும் ஊற்ற வேண்டும். பசை அப்போது வழுக்கும்.

5. தயங்காமல் ஒரே மூச்சில் பிடியை ஏற்றி, நேராகத் திருப்பிவிட வேண்டும். கரைப்பான் ஆவியானதும் பசை மீண்டும் பிடித்துக்கொள்ளும். ஓரிரவு விட்டுவிட வேண்டும்.

காற்றோட்டமான இடமாக இருக்க வேண்டும், நெருப்பு கிட்டவே இருக்கக்கூடாது.

இதில் பெரிய இரகசியம் ஒன்றுமில்லை. எமது ஊர் கராஜ்களில் மோட்டார் சைக்கிள் ஹேண்டிலுக்கு இறப்பர் ஏற்றுபவர்கள் கொஞ்சம் பெற்றோலோ சவர்க்காரத் தண்ணீரோ விட்டு வழுக்க வைத்து ஏற்றுவது இதே தத்துவத்தில்தான்.

*என்ன கிடைத்தது, என்ன போனது?*

வில் செய்தவரிடமிருந்து தடி செய்தவரிடம், அவரிடமிருந்து தொழிற்சாலைக்கு, அங்கிருந்து விளையாடுபவரின் வீட்டு மேசைக்கு என்று இந்த வேலை கைமாறியிருக்கிறது. சாதாரண மனிதன் தன் பொருளைத் தானே திருத்தும் வசதி கிடைத்தது. அது பெரிய விடயம். ஆனால் தோல் சுற்றத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன. வெட்டியெறிந்த இறப்பர்ப் பிடி குப்பையாகவே கிடக்கிறது. மரத்தில் பால் எடுத்தவரின் உழைப்போ பிடியைப் பிடிப்பவருக்குத் தெரிவதே இல்லை. இலாபத்தோடு இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு.

ஆசிரியர்கள் என்ற வகையில் எம்மை யோசிக்க வைப்பது இன்னொன்று. கிரிக்கெட் பெட்டின் கிரிப் கிழிந்தால் புதிய பெட் கேட்கும் பிள்ளைகளை நாம் காண்கிறோம். பெட்மின்டன் ரெக்கெட்டின் டேப் அவிழ்ந்தால் அது மூலைக்குப் போகிறது. அந்தப் பிள்ளைகளின் வாப்பாமாரும் அப்பாமாரும் மண்வெட்டிக்குப் பிடி போட்டவர்கள், துடுப்புக்குக் கயிறு சுற்றியவர்கள், கத்திப்பிடி தளர்ந்தால் ஆப்பு அடித்தவர்கள். அந்த அறிவு எமது வீடுகளில் இன்னும் சாகவில்லை. கேட்பதற்கு ஆள் இல்லாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த விடுமுறையில் வீட்டில் பிடி தளர்ந்த பொருள் ஒன்றைத் தேடி எடுங்கள். அதைத் திருத்தத் தெரிந்த பெரியவர் ஒருவரையும் பிள்ளையையும் ஒரே இடத்தில் உட்கார வையுங்கள். ஒரு தலைமுறையின் கையறிவு அடுத்த தலைமுறைக்குப் போக அந்த ஒரு மணித்தியாலம் போதும்.