வேட்டைக்காரரின் இடைக்கத்தி

நபித்தோழர்களுள் ஒருவரான இப்னு ஸஃப்வான் (ரலி) ஒருமுறை இரண்டு முயல்களைப் பிடித்தார். அறுப்பதற்கு அவரிடம் இரும்பு ஏதும் இல்லை. ‘மர்வா’ எனப்படும் கூரிய கல்லொன்றினால் அவற்றை அறுத்துவிட்டு, நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து வினவினார். உண்ணலாம் என்னும் அனுமதி கிடைத்தது. நஸாயீ முதலிய ஹதீஸ் நூல்களில் காணப்படும் இந்நிகழ்ச்சியைப் பாலை வாழ்வின் எளிமைக்குச் சான்றாக மட்டும் கொண்டு நாம் கடந்து செல்வதுண்டு. வேட்டைக் கத்தியின் வரலாறும் அதனுள் அடங்கியிருக்கிறது என்பதே நம் கருத்து.

அன்றைய அரபகத்தில் கத்தி எல்லார் கையிலும் இருந்த பொருளன்று. “எங்களிடம் கத்திகள் இல்லையே, என் செய்வோம்?” என்னும் பொருள்பட ராஃபிஉ இப்னு கதீஜ் (ரலி) கேட்ட கேள்வியும் அதனையே காட்டுகின்றது. இரத்தத்தை ஓடச் செய்யும் எதனாலும் இறைநாமம் கூறி அறுக்கலாம், பல்லும் நகமும் மட்டும் கூடா என்பது அவருக்குக் கிடைத்த விடை. கத்தியின் பெயரும் அக்காலத்தில் ஒன்றாயிருக்கவில்லை. ‘ஸிக்கீன்’ என்னும் சொல்லை, நபி ஸுலைமான் (அலை) அவர்களின் தீர்ப்பைப் பற்றிய ஹதீஸில்தான் முதன்முதலாகக் கேட்டதாகவும், தாம் ‘முத்யா’ என்றே வழங்கி வந்ததாகவும் அபூஹுரைரா (ரலி) அவர்களே கூறியிருக்கிறார்கள். மூன்றாவதாக ‘ஷஃப்ரா’ என்றொரு சொல்லும் உண்டு. அகன்ற அலகுடைய கத்தி அது. அறுப்பவர் தம் கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும், பிராணியை வதைக்கக் கூடாது என்று கட்டளையிடும் ஹதீஸில் இச்சொல்லே இடம்பெற்றுள்ளது.

அறுத்த பின்னர் தோலை உரிப்பது வேறொரு கலை. ஆடொன்றை உரிக்கத் திணறிய இளைஞர் ஒருவரை நாயகம் (ஸல்) அவர்கள் விலகச் சொல்லி, தோலுக்கும் இறைச்சிக்கும் இடையே தம் கரத்தை அக்குள் மறையும் அளவு செலுத்திக் காட்டினார்கள் என அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கிறார்கள். உளூச் செய்யாமலே தொழுகை நடத்தினார்கள் என்பது அதன் தொடர்ச்சியாதலால், சட்ட அறிஞர்கள் இதனைத் தூய்மை பற்றிய பாடத்தில் சேர்த்துவிட்டனர். உரிப்பவருக்கு இதில் வேறொரு பாடம் இருக்கிறது. தோலைத் திறப்பதற்கே கத்தி வேண்டும். பிரிக்கும் வேலை கையினுடையது. தண்ணீர்த் துருத்தியாகப் போகும் தோலில் ஒரு பொத்தல் விழுந்தாலும் அது வீண். கூர்முனை நீண்ட கத்தியை விட, வயிறு வளைந்த குட்டை அலகே உரிப்பதற்கு ஏற்றது என்று வேட்டையாடுவோர் இன்றும் கருதுவதற்குக் காரணம் இதுவே.

மணல் படிந்த உரோமத்தில் பட்டால் எந்த முனையும் விரைவில் மழுங்கும். முனை நின்று உழைக்க வேண்டுமாயின் இரும்பு நல்லதாயிருக்க வேண்டும். இரும்பின் தரத்தை அறிவதற்கு அரபு மொழியில் நமக்குக் கிடைக்கும் தொன்மையான நூல், கலீஃபா முஃதஸிமுக்காக (ஆட்சி 833–842) அல்கிந்தீ எழுதியதாகும். அது வாள்களைப் பற்றியது. கத்தியை அவர் தனியே ஆராயவில்லை. எனினும் சுரங்க இரும்பு வேறு, உருக்கிச் செய்யப்பெற்ற ‘ஃபூலாத்’ வேறு என்று அவர் வகுத்த வகை, முனையுள்ள கருவி அனைத்துக்கும் பொருந்தும். ஸரந்தீப் இரும்பாலான வாள்களையும் அவர் பெயர் சுட்டுகிறார். இலங்கையின் சமனலவெவப் பகுதியில், பருவக்காற்றைக் கொண்டே இயங்கிய இரும்புலைகளை 1990களில் அகழ்ந்து கண்டுள்ளனர். அவற்றுட் பல அல்கிந்தீயின் நூற்றாண்டையும் உள்ளடக்கிய காலத்தவை. பக்தாதின் அறிஞர் எழுதியது செவிவழிக் கதையன்று என்று நாம் துணியலாம்.

ஆனால் சட்ட அறிஞர்கள் உலோகத்தின் குலத்தை ஆராயவில்லை. நம் கடற்கரை ஊர்களில் பெரிதும் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின் முதன்மை நூல்களுள் ஒன்றான ‘மின்ஹாஜ்’, இரும்பு, செம்பு, தங்கம், மரம், மூங்கில், கல், கண்ணாடி எதுவாயினும் கூர்மை இருந்தால் போதும் என்கிறது. பல், நகம், எலும்பு மட்டுமே அதில் விலக்கு. (உடலினின்று கழன்ற பல்லையும் நகத்தையும் பற்றி ஹனஃபீ அறிஞர்களின் கருத்து வேறு, அவற்றால் அறுப்பது வெறுக்கத்தக்கது, ஆயினும் இறைச்சி ஆகும் என்பர்.) இமாம் நவவீ (1233–1277) அவர்கள் கண்டிப்புக் காட்டுவது வேறோரிடத்தில். அம்போ வேட்டைநாயோ வீழ்த்திய பிராணியை வேடர் உயிருடன் அடைகிறார். அவர் கத்தியை உருவும்போதே உயிர் பிரிந்துவிட்டால் அது ஹலால். ஆனால் கத்தி கொண்டுவராமையாலோ, அது பறிபோனமையாலோ, உறையில் சிக்கிக்கொண்டமையாலோ அறுக்க இயலாமல் பிராணி இறந்துவிட்டால் அது ஹராம். இவை மூன்றும் வேடரின் கவனக்குறைவாகவே கொள்ளப்படுகின்றன.

உறையில் சிக்கியதற்கு அவர் என்ன செய்வார் என்று நாம் கேட்கக்கூடும். கெய்ரோவின் பேரறிஞர் ஸிராஜுத்தீன் அல்புல்கீனீ (1324–1403) அவர்களும் இதனை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். உறை வழக்கமானதாய், இறுக்கமற்றதாய் இருந்து, தற்செயலாகக் கத்தி சிக்கியிருப்பின் அவ்வேட்டை ஹலால் என்பதே அவர்கள் தேர்ந்த முடிவு. இறுக்கமான உறையைக் கட்டிக்கொண்டு காடு புகுந்தவருக்கு அந்தச் சலுகை இல்லை.